நாற்பதாவது நாளைத் தாண்டிய படப்பிடிப்பு: குழுவின் உற்சாகமும் இயக்குநரின் ஆசையும்

உங்கள் கேள்வியின் சாரம் இது. முதல் படம், 85 நாள் படப்பிடிப்பு, அதில் 42 நாள் முடிந்திருக்கிறது. தொடக்கத்தில் ஓடியாடி வேலை செய்த குழு இப்போது சொன்னதை மட்டும் செய்கிறது. காட்சியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. போதாக்குறைக்கு, மறுநாள் எடுக்கவிருக்கும் காட்சியின் மீது உங்களுக்கே ஆசை வருவதில்லை. குழுவுக்கு ஒரு விருந்து வைக்கலாமா, எல்லோரையும் கூட்டி வைத்து மனம்விட்டுப் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல ஆண்டுகள் இணை இயக்குநராகவும் பிறகு நிர்வாகத் தயாரிப்பாளராகவும் நீண்ட படப்பிடிப்புகளுக்குள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். விருந்து என்றால் இரவு விருந்து. அது ஏற்கெனவே குறைந்துபோன தூக்கத்தில் இன்னும் மூன்று மணி நேரத்தைத் தின்னும். பேச்சு என்றால், களைத்துப்போனவர்களை நிற்க வைத்துப் பேசுவது. மரியாதைக்குக் கைதட்டுவார்கள், மறுநாள் காலை எதுவும் மாறியிருக்காது. முதல் நாள் அத்தனை பேரும் உற்சாகத்தோடுதான் வந்தார்கள். அதை யாரும் கடன் கொடுக்கவில்லை, அவர்களே கொண்டுவந்தது. 42 நாளில் அது எந்த வழியாகக் கசிந்தது என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

பெரும்பகுதி தூக்கத்தின் வழியாகத்தான் கசிந்திருக்கும். காலை 6 மணிக்கு முதல் ஷாட் என்று வைத்துக்கொள்வோம். லைட் யூனிட் 4 மணிக்கு வந்திருக்கும். அதற்காக அவர்கள் 3 மணிக்கு எழுந்திருப்பார்கள். இரவு 8 மணிக்கு நீங்கள் பேக்கப், அதாவது அன்றைய படப்பிடிப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடுகிறீர்கள். விளக்குகளை இறக்கி, கேபிள்களைச் சுருட்டி, வண்டியில் ஏற்றிவிட்டு அவர்கள் தங்குமிடம் போய்ச் சேர இரவு 10:30 ஆகிறது. உங்கள் தாளில் அது 14 மணி நேர நாள். அவர்கள் உடம்புக்கு அது 19 மணி நேரத்துக்கும் மேற்பட்ட நாள். இதில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுப்பவர்கள் ஓட்டுநர்கள் என்பதையும், தூங்கிவழியும் மற்ற அனைவரின் உயிரும் அவர்கள் கையில்தான் இருக்கிறது என்பதையும் தயாரிப்பு நிர்வாகம் ஏனோ கடைசியில்தான் நினைத்துப் பார்க்கிறது.

1997-இல் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான ஓர் ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும் இசைந்து செயல்படும் திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று காட்டியது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 விழுக்காட்டுக்குச் சமம். அந்தக் கைதான் நடிகரின் தலைக்கு மேல் விளக்கைக் கட்டுகிறது, கேமராவின் ஃபோகஸைத் திருப்புகிறது, இரவில் வண்டியும் ஓட்டுகிறது. அதே ஆண்டு அமெரிக்காவில் 19 மணி நேரப் படப்பிடிப்பை முடித்துவிட்டு வீட்டுக்குக் காரோட்டிச் சென்ற ஒளிப்பதிவு உதவியாளர் ஒருவர் வழியிலேயே கண்ணயர்ந்து விபத்தில் இறந்தார். ஒரு நாளைக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று கேட்டு ஆயிரக்கணக்கான கலைஞர்கள் கையெழுத்திட்டார்கள். இரண்டு முறை ஆஸ்கர் வென்ற ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர், அந்த மரணத்திலிருந்து தொடங்கி, திரைத்துறையின் தூக்கமின்மையைப் பற்றி 2006-இல் ஓர் ஆவணப்படமே எடுத்தார். இருந்தும், 2021-இல் அமெரிக்கத் திரைத் தொழில்நுட்பக் கலைஞர்களின் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் தயாராகி நின்ற பிறகுதான், ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே 10 மணி நேர ஓய்வு என்பது அங்கே பரவலான ஒப்பந்த விதியானது. பெரிய முதலீடும் வலுவான சங்கமும் உள்ள இடத்திலேயே இதற்கு இத்தனை ஆண்டுகள் பிடித்தன என்றால், இது தானாக நடக்கும் காரியமில்லை என்பது புரியும். யாராவது ஒருவர் பிடிவாதமாக நிற்க வேண்டும். உங்கள் படத்தில் அது நீங்களாக இருக்கட்டும்.

ஆகவே, கடைசி ஆள் தங்குமிடம் போய்ச் சேரும் நேரத்திலிருந்து 10 மணி நேரத்தை எண்ணி, மறுநாள் முதல் ஆள் வர வேண்டிய நேரத்தைக் குறியுங்கள். நீங்கள் பேக்கப் சொன்ன நேரத்திலிருந்து எண்ணாதீர்கள். இரவுப் படப்பிடிப்பிலிருந்து பகல் படப்பிடிப்புக்கு மாறும்போது நடுவில் ஒரு முழு நாள் விடுங்கள். விடியற்காலை 5 மணிக்கு முடித்தவர்களை அன்று முழுவதும் தூங்கவிட்டு, மறுநாள் அதிகாலை 4 மணிக்கு எழுப்புவதை விடுமுறை என்று தாளில் எழுதலாம்; உடம்பு அதை விடுமுறையாக ஏற்றுக்கொள்ளாது. லொகேஷன் மாறும் பயண நாளும் ஓய்வு நாளாகாது.

இதற்குத் தயாரிப்பாளர் சம்மதிக்க மாட்டார் என்பீர்கள். உணர்ச்சிவசப்பட்டு வாதாடாமல் கணக்கோடு போங்கள். கணக்கு உங்கள் யூனிட்டிலேயே இருக்கிறது. கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி) பார்க்கும் உதவி இயக்குநர், ஒரு ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்ததில் எத்தனையாவது டேக் ஓகே ஆனது என்று எழுதி வைத்திருப்பார். பெரும்பாலும் நேரமும் இருக்கும். கடந்த இரண்டு வாரத் தாள்களை எடுத்து, வேலை தொடங்கியதிலிருந்து எத்தனையாவது மணி நேரத்தில் எத்தனை ஷாட் முடிந்தது, ஒரு ஷாட்டுக்கு எத்தனை டேக் ஆனது என்று ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நான் இப்படி எழுதிப் பார்த்த படங்களில், பதினோராவது மணி நேரத்தைத் தாண்டியதும் டேக்குகள் கூடிக்கொண்டே போயின. ஷாட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. கூடுதல் சம்பளம் கொடுத்து எடுத்த கடைசி இரண்டு மணி நேரத்தில் கிடைத்தவற்றுள் எத்தனை ஷாட் எடிட்டிங்கில் தங்கின என்பதையும் சேர்த்துக் காட்டினால், எந்தத் தயாரிப்பாளரும் ஒரு நிமிடம் யோசிப்பார்.

அடுத்தது காத்திருப்பு. படப்பிடிப்பு என்றாலே காத்திருப்புதான். அதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள். ஏன் காத்திருக்கிறோம் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் ஆளைத் தின்னும். ஒரு படத்தில், மொட்டை மாடியில் ஒரு காட்சி. லைட்டிங் முடிந்து, கேமராவைத் தண்டவாளத்தில் நகர்த்தும் டிராலியைப் போட்டு, நடிகர்கள் ஒப்பனையோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மானிட்டருக்குப் பின்னால் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்கள். அரை மணி நேரம் ஆனது. ஒரு மணி நேரம் ஆனது. டிராலி தள்ளுபவர் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்து செல்பேசியைப் பார்க்கத் தொடங்கினார். விளக்கருகே நின்ற லைட்மேன், கையுறையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கையுறை கழன்றால் அந்த ஆள் மனத்தளவில் கிளம்பிவிட்டார் என்று பொருள். பிறகுதான் தெரிந்தது: சிக்கல் மிக எளியது. காட்சியில் ஒரு வசனத்தை வைப்பதா எடுப்பதா என்பதில் இயக்குநருக்குத் தெளிவு வரவில்லை. "வசனத்தில் ஒரு சிக்கல், நாற்பது நிமிடம் ஆகும், எல்லோரும் நிழலில் போய் உட்காருங்கள்" என்று அப்போதே சொல்லியிருந்தால், அந்த நாற்பது நிமிடம் அவர்களுக்கு ஓய்வாகியிருக்கும். சொல்லாததால் அது தண்டனையானது.

இயக்குநர்கள் இதைச் சொல்லத் தயங்குவது, தங்கள் குழப்பம் வெளியே தெரிந்துவிடும் என்ற கூச்சத்தால்தான். 42 நாள் உங்களோடு வேலை செய்தவர்களுக்கு உங்கள் குழப்பம் உங்கள் நடையிலேயே தெரியும், மறைத்துப் பயனில்லை. துணை இயக்குநர் ஒருவரிடம் இந்த ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்: பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேலை நின்றால், காரணத்தையும் தோராயமான நேரத்தையும் எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொல்ல வேண்டும். மறுநாளைய திட்டம் பேக்கப்புக்கு முன்பே கையில் கிடைக்க வேண்டும். இரவு 11 மணிக்கு வாட்ஸாப்பில் வரக் கூடாது. திட்டம் மாறினால், மாறியது என்பதோடு ஏன் மாறியது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு காசு செலவில்லை. ஆனாலும் எத்தனை யூனிட்டுகளில் இது நடக்கிறது என்று எண்ணினால் ஒரு கை விரல்கள் போதும்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை: ஆறு மணி நேரத்துக்குள் ஒரு வேளை, சூடாக, எல்லோருக்கும் ஒன்றே. முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் வேறு வேறு சாப்பாடு போடும் யூனிட்டில் ஒற்றுமையைப் பற்றிப் பேசவே வேண்டாம். சம்பளத்துக்கும் அப்படித்தான். தினக்கூலிக்காரர்களுக்குச் சொன்ன நாளில் பணம் போகவில்லை என்றால், நான் இங்கே எழுதும் வேறெதுவும் உதவாது. முதலில் அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள்.

காட்சியைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான். குழு வாய் மூடிக்கொள்வதற்குப் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நாள் இருக்கும். என் அனுபவத்தில் அந்த நாளை உருவாக்கியவனே நான்தான். நான் இணை இயக்குநராக இருந்தபோது, இரவு 3 மணிக்கு, நீளமான ஒரு நகரும் ஷாட். நாலாவது டேக்கிலும் ஃபோகஸ் தவறியது. நடிகை அழுது முடித்துவிட்டார். மறுபடி அழ வேண்டும். அத்தனை பேர் முன்னால், மைக்கில், ஃபோகஸ் பார்த்த இளைஞரை நான் திட்டினேன். என்ன சொன்னேன் என்பது வேண்டாம். அவர் பதில் பேசவில்லை. ஐந்தாவது டேக் சரியாக வந்தது. என் திட்டு வேலை செய்தது என்றே அன்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, கண்ணாடிக் கதவு ஒன்றின் அருகே ஒரு காட்சி எடுத்தோம். எடிட்டிங்கில் பார்த்தபோது, கண்ணாடியில் ஒரு ஸ்டாண்டின் நிழலுரு தெளிவாகத் தெரிந்தது. டிராலிக்குப் பக்கத்தில் நின்ற உதவியாளருக்கு அது அப்போதே தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்ல வேண்டாம்னு இருந்துட்டேன் சார்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் காட்சியை மறுபடி எடுக்க அரை நாள் ஆனது. திட்டு வாங்கியவர் ஒருவர்; பயந்தவர்கள் எழுபது பேர்.

அப்படி ஒரு நாள் உங்கள் படத்திலும் இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இருந்தால், எல்லோர் முன்னாலும் திட்டியதை எல்லோர் முன்னாலும் திரும்பப் பெறுங்கள். அறைக்குக் கூப்பிட்டுத் தனியே வருத்தம் சொல்வது பாதிதான். அதன்பின், யாராவது ஒரு குறையைச் சுட்டிக்காட்டினால், அது தவறான சுட்டலாக இருந்தாலும், அந்த நிமிடம் நின்று பார்த்துவிட்டு நன்றி சொல்லுங்கள். மூன்று பேர் சொல்லத் தொடங்கினால் மற்றவர்களும் சொல்வார்கள். கூடவே, படப்பிடிப்புத் தளத்தின் ஒலியளவையும் குறையுங்கள். ஹாலிவுட் நடிகரும் இயக்குநருமான கிளின்ட் ஈஸ்ட்வுட் தன் படங்களில் 'ஆக்‌ஷன்' என்று கத்துவதில்லை. தொலைக்காட்சித் தொடரில் குதிரைகளோடு நடித்த காலத்தில், அந்தக் கத்தலுக்குக் குதிரைகள் மிரண்டதைப் பார்த்துப் பழகியதால், நடிகர்களுக்கு மட்டும் அது ஏன் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு. மென்மையாகத் தொடங்கச் சொல்வார். விரைவாகவும் குறித்த நாளுக்குள்ளும் படம் முடிப்பவர் என்று பெயர் பெற்றவரின் தளம் அமைதியான தளமாக இருப்பது தற்செயலன்று என்பது என் எண்ணம்.

இனி உங்கள் சொந்த ஆசை. அது வற்றியதற்கு நீங்கள் உங்கள் திறமையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. உங்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை கேள்விகள் வருகின்றன என்று எண்ணுங்கள். இந்தச் சட்டையா அந்தச் சட்டையா, கோப்பை மேசையின் எந்தப் பக்கம், பின்னால் நடப்பவர்கள் எட்டுப் பேரா பத்துப் பேரா. மதியத்துக்குள் இருநூறு முடிவு எடுத்த மூளை, மூன்று மணிக்கு வரும் முக்கியமான காட்சியில் கையில் கிடைத்த முதல் யோசனையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிடும். ஆகவே கேள்விகளைப் பிரித்துக் கொடுங்கள். கதாபாத்திரத்தின் மனத்தைத் தொடும் கேள்விகள் மட்டும் உங்களிடம் வரட்டும். மற்றவற்றில் துறைத் தலைவர்களே முடிவெடுக்கட்டும், அவர்கள் முடிவு உங்களுக்கு நூற்றுக்கு எண்பது பங்கு பிடித்தால் போதும் என்று விட்டுவிடுங்கள். பொறுப்பு கைக்கு வந்ததும் கலை இயக்குநரும் உடை வடிவமைப்பாளரும் திரும்ப உயிர்பெறுவதைப் பார்ப்பீர்கள். அவர்களும் 42 நாளாக உங்கள் தலையசைப்புக்குக் காத்திருந்தவர்கள்தான்.

இன்னொன்று, சிதறல். கடைசிக் காட்சியைப் பத்தாவது நாளும் முதல் காட்சியை ஐம்பதாவது நாளும் எடுக்கும்போது, கதையின் ஓட்டம் கையை விட்டு நழுவி, ஒவ்வொரு நாளும் வெறும் காட்சி எண்ணாகிவிடுகிறது. அடுத்த ஓய்வு நாளில் திரைக்கதையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே அமர்வில் படியுங்கள். பேனா வேண்டாம், வாசகராக மட்டும் படியுங்கள். பிறகு, ஒவ்வொரு நாள் திட்டத்திலும் நீங்களே ஆசைப்படும் ஒரு ஷாட்டைக் குறித்து, அதை மதிய உணவுக்கு முன்னால் வையுங்கள். கடைசியில் வைத்தால் வெளிச்சம் போய்விடும், நேரம் போய்விடும், அதுதான் முதலில் வெட்டுப்படும். காலையில் தளத்துக்கு வந்ததும் முதல் இருபது நிமிடம் ஒளிப்பதிவாளரோடு மட்டும் நடங்கள்; அந்த இருபது நிமிடம் யாரும் அருகே வரக் கூடாது என்பதைச் சட்டமாகவே ஆக்கிவிடலாம்.

எடிட்டரிடம் ஏற்கெனவே எடுத்த ஒரு காட்சியைத் தோராயமாக வெட்டித் தரச் சொல்லி, மூன்று நான்கு நிமிடத் துண்டை முழுக் குழுவுக்கும் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் நினைத்த விருந்தைவிட இது எத்தனையோ மேல். மழையில் நனைந்துகொண்டு மூன்று மணி நேரம், வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரைப் பிடித்தவர், அந்த வெளிச்சம் ஒரு முகத்தில் விழுந்து என்ன செய்தது என்பதை அன்றுதான் முதல்முறை பார்ப்பார். நடிகர்களில் மட்டும், தங்களைத் திரையில் பார்த்தால் நடிப்பு மாறிவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு; அவர்களை வற்புறுத்தாதீர்கள்.

துன்பப்பட்டால்தான் பெரிய படம் வரும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்க இயக்குநர் கொப்போலா பிலிப்பைன்ஸில் எடுத்த 'அபோகலிப்ஸ் நவ்' படத்தைச் சொல்வார்கள். 1976 மார்ச்சில் தொடங்கி 1977 மே வரை, 238 நாள் படப்பிடிப்பு. நடுவில் சூறாவளி அரங்குகளை அழித்தது. கதாநாயகனாக நடித்த மார்ட்டின் ஷீனுக்கு மாரடைப்பு வந்தது. படம் பெரிய படம்தான். ஆனால் இதே அளவு துன்பப்பட்டு ஒன்றுமில்லாமல் போன படங்களின் கதையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவற்றின் பெயர் யாருக்கும் நினைவில் இல்லாததால். மறுபக்கம், இன்னோர் அமெரிக்க இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 'பாய்ஹுட்' படத்தை 2002 முதல் 2013 வரை, அதே நடிகர்களோடு, ஆண்டுக்குச் சில நாட்கள் மட்டும் கூடி எடுத்து முடித்தார். எல்லோராலும் அப்படி எடுக்க முடியாது. ஆனாலும் ஒரு வேலையின் மொத்த நீளத்தைவிட, நடுவில் மூச்சுவிட இடம் இருந்ததா என்பதே அதிகம் தீர்மானிக்கிறது என்பதற்கு அது சான்று.

அந்த இடத்தை உங்கள் மீதி 43 நாளிலும் உண்டாக்கலாம். இன்று இரவே நிர்வாகத் தயாரிப்பாளரோடு உட்கார்ந்து, பெருங்கூட்டமோ மழையோ சண்டையோ உள்ள காட்சிகள் அடுத்தடுத்து வரும் இடங்களைக் கண்டுபிடித்து, நடுவே ஓர் அறைக்குள் இரண்டு பேர் பேசும் காட்சியைச் செருகுங்கள்; சிறு குழு போதும், மீதிப் பேர் ஓய்வெடுப்பார்கள். முடிந்தால் இந்த வாரத்திலேயே ஒரு முழு நாள் விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது, முன்னறிவிப்பில்லாமல், இரண்டு மணி நேரம் முன்னதாகவே பேக்கப் சொல்லுங்கள். அதற்காக அன்றைய திட்டத்தில் ஒரு சிறு காட்சியைக் குறைவாக வைத்திருப்பது உங்களுக்கும் நிர்வாகத் தயாரிப்பாளருக்கும் மட்டும் தெரிந்த இரகசியமாக இருக்கட்டும்.

கடைசிப் பத்து நாள் தனிக் கதை. எல்லோரும் அடுத்த படத்துக்குத் தேதி கொடுத்திருப்பார்கள். செல்பேசிகள் ஒலித்துக்கொண்டே இருக்கும். உடல் இங்கேயும் மனம் அங்கேயும் இருக்கும். அதைத் துரோகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அவர்கள் பிழைப்பு. உச்சக் காட்சியை மட்டும் அந்தப் பத்து நாளுக்குள் வைக்காதீர்கள். அந்த நாட்களில், டைட்டிலில் வரப்போகும் பெயர்ப் பட்டியலை அச்செடுத்து, சாப்பாட்டு இடத்தில் ஒட்டி, அவரவர் பெயரின் எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வரிசையாக வந்து பார்ப்பார்கள். பட்டியலில் ஓட்டுநர்களில் பாதிப் பேரின் பெயர் விட்டுப்போயிருக்கும், எப்போதும் விட்டுப்போகும். ஒட்டுவதற்கு முன்பே அதைச் சரிபார்த்துவிடுங்கள்.